காரமடையிலிருந்து மெமு: அம்மாவை எந்தப் பெட்டியில் ஏற்றுவது?

தம்பி, சர்க்கரை உள்ள அம்மாவைக் காரமடையிலிருந்து கோவைக்கு மெமுவில், அதாவது ஊர்களுக்கிடையே ஓடும் மின்சாரப் பயணிகள் ரயிலில், கூட்டிப் போகலாமா, கழிப்பறை இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாங்க. சென்னை மின்சார ரயிலில்தான் கழிப்பறை கிடையாது, மெமுவில் உண்டு. ஆனால் முனையிலுள்ள ஓட்டுநர் பெட்டியில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே மின்கருவி அறையே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுப்பெட்டிதான் சரி.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) கட்டிய, மும்முனை மின்சார மோட்டாரில் ஓடும் புது த்ரீ-பேஸ் வண்டி வந்தால் அம்மாவுக்கு யோகம்தான்: மெத்தை இருக்கை, அடுத்த நிலையத்தைச் சொல்லும் பலகை. பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை மேலே கம்பிக்குத் திருப்பி அனுப்பும். நிற்பதும் அலுங்காமல் இருக்கும்.

நடைமேடை தாழ்வாக இருந்தால் படி உயரமாகத் தெரியும். கதவோரக் கம்பியை அம்மா பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். காலை ஆபீஸ் கூட்டம் வடிந்த அப்புறம் கிளம்பினால் சன்னலோரமே கிடைக்கும்.