ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்து முடியவே மாட்டேன் என்கிறது. இது வஸ்வாஸா (ஷைத்தான் போடும் வீண் சந்தேகமா), நோயா? கவுன்சிலிங் போனால் தொழுகையை விடச் சொல்வார்களா?

விடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

ஒளுவில் ஒரு முறை கழுவுவது ஃபர்ளு (கட்டாயம்), மூன்று முறை சுன்னத் (நபிவழி). அதற்கு மேலும் மனம் ஒப்பாமல் குழாயடியிலேயே அரை மணி நேரம் நின்று வக்து (தொழுகை நேரம்) தவறுகிறது என்றால், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று யார் சொன்னாலும் காதில் போடாதீர்கள்.

இதற்கான பயிற்சிக்கு இஆர்பி (பயத்தை எதிர்கொண்டு, திரும்பச் செய்வதைத் தடுப்பது) என்று பெயர். அளந்து வைத்த தண்ணீரில் ஒரே ஒளு. "முழங்கை நனைஞ்சுதா?" என்று சந்தேகம் குடைந்தாலும் திரும்பக் கழுவாமல் தக்பீர் கட்டி, அதாவது தொழுகையைத் தொடங்கிவிட வேண்டும். பதற்றம் ஏறும், பிறகு தானாக இறங்கும். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். காரியம் கெடுவது பெரும்பாலும் வீட்டில்தான்: கேட்கும்போதெல்லாம் உம்மா "சரியாத்தான் இருக்கு" என்று உறுதி சொல்வது நோய்க்குத் தீனி. ஆலிமாவிடம் (மார்க்கம் படித்த பெண்ணிடம்) சட்டம் ஒருமுறை கேளுங்கள். பத்து முறை கேட்பதும் அதே கழுவல்தான்.

மாத்திரை தந்தால் நோன்புக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓசிடி மருந்துகள் பல தினம் ஒரு வேளைதான், ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றித் தரச் சொல்லலாம். லித்தியம் (இருதுருவ மனநோய்க்குத் தரும் மருந்து) சாப்பிடுபவர்கள் கதை வேறு: நோன்பில் உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறும்.

பெண் ஆலோசகர் வேண்டுமென்று முதல் போனிலேயே கேளுங்கள். சம்பந்தம் பேசும் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமா? உயிராபத்து போன்ற சில நிலைகள் தவிர, ரகசியம் காப்பது இந்தியாவின் 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை தருபவர்களின் கடமை. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.