ஜோடிக்குக் குறுக்கே நிற்கிறாள் என்பதற்காக ஜின்னியை வில்லியாக்க வேண்டியதில்லை

கேள்வி: ஹாரி பாட்டர் நாவல்களில் வரும் ஹாரியையும் அவன் பள்ளி எதிரி டிராகோ மால்ஃபாயையும் ஜோடியாக்கி, ரசிகர்கள் எழுதும் கதையான ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறேன். நாவலில் ஹாரியின் காதலியான ஜின்னியைக் கெட்டவளாகக் காட்டாமல் கதை நகர மறுக்கிறது. எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

எல்லாரும் இல்லை. ஆனால் நிறையப் பேர் எழுதுகிறார்கள், இருபது வருஷத்துக்கு மேலாக எழுதுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கும் அது ஒன்றே வழியாகத் தெரிகிறது.

உங்கள் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும். பத்து அத்தியாயம் ஓடிவிட்டது. ஹாரிக்கும் டிராகோவுக்கும் நடுவே நெருக்கம் வந்துவிட்டது. ஜின்னி இன்னும் ஹாரியின் காதலி. ஹாரி துரோகியாகத் தெரியக் கூடாது. ஆகவே பழியைத் தூக்கி அவள் தலையில் போட வேண்டியிருக்கிறது: பணத்தாசை பிடித்தவள், சந்தேகப்பிராணி, இல்லாவிட்டால் வசிய மருந்து வைத்தவள்.

வசிய மருந்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதிக அநியாயம் நடப்பது அதன் பெயரில்தான். இதற்கு மூலநூலில் இருக்கும் ஆதாரம் மூன்றாம் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. சிறு வயதில் தான் காய்ச்சிய வசிய மருந்தைப் பற்றி ஜின்னியின் அம்மா மோலி வீஸ்லி, ஹாரியின் தோழி ஹெர்மயனியிடமும் ஜின்னியிடமும் சொல்ல, மூவரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் சேர்ந்து ஹாரிக்கு மாதக்கணக்கில் மருந்து வைத்தார்கள் என்று எழுதுகிறார்கள்.

அது ஏன் நிற்காது என்றால், மருந்தின் விதியை ஆறாம் புத்தகமே சொல்லிவிடுகிறது. ஜின்னியின் இரட்டை அண்ணன்கள் நடத்தும் கடையில் விற்பது ஒரு தடவைக்கு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் வேலை செய்யும், அதுவும் பையனின் எடையைப் பொறுத்து மாறும். ஆறு மாதக் காதல் என்றால் கிட்டத்தட்ட 180 வேளை மருந்து. ஹெர்மயனி பக்கத்திலேயே சாப்பிட உட்காரும் மேஜையில் யார் அதைத் தினமும் கலப்பது? இன்னொன்று, மருந்து உள்ளே போனவன் எப்படி இருப்பான் என்பதையும் ஜின்னியின் அண்ணனும் ஹாரியின் நண்பனுமான ரான் மூலம் காட்டிவிட்டார்கள். அதே பள்ளியில் படிக்கும் ரொமில்டா வேன் ஹாரிக்கு அனுப்பிய சாக்லேட்டைத் தின்றுவிட்டு, சரியாக அறிமுகம்கூட இல்லாத அவளுக்காக உருகுகிறான், ஹாரியை அடிக்கவே செய்கிறான். மருந்து உள்ளே போன ஹாரி பாடம் படித்துக்கொண்டு, துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச்சை ஆடிக்கொண்டு, நிதானமாக இருக்க முடியாது. மூலநூலை வரிவரியாகப் படித்த வாசகர் இந்த இடத்தில் கதையை மூடிவிடுவார்.

உங்களுக்கு வேண்டிய பிரிவு ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. ஆறாம் புத்தகத்தின் கடைசியில், பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் இறுதிச்சடங்கு நாளில், ஹாரியே ஜின்னியிடம் முடித்துக்கொள்ளலாம் என்கிறான். அடுத்த வருஷம் அவன் காட்டில் கூடாரம் போட்டு அலைகிறான். அவள் பள்ளியில் நண்பர்கள் நெவிலோடும் லூனாவோடும் சேர்ந்து ஒரு மந்திர வாளைத் திருடப் பார்த்துத் தண்டனை வாங்குகிறாள். கதையில் 1998 மே மாதம் வில்லனோடு நடந்த போர் முடிகிறது. அங்கிருந்து ஏழாம் புத்தகத்தின் பின்னுரை வரைக்கும் 19 வருஷம் வெறுமையாகக் கிடக்கிறது. உங்கள் கதையை அங்கே தொடங்குங்கள். இருவரும் திரும்பச் சேரவில்லை, அல்லது சேர்ந்து பார்த்தும் ஒட்டவில்லை. குற்றவாளி யாரும் தேவையில்லை, ஒரு காட்சி போதும்.

அந்தக் காட்சி வழக்கமாக இப்படி இருக்கும்:

"என்னைவிட அந்த மால்ஃபாய்தான் உனக்கு முக்கியமா?" என்று ஜின்னி கீச்சிட்டாள். அவள் கண்ணில் விஷம் தெரிந்தது.

இதையே இப்படி எழுதலாம்:

துடைப்பத்தின் வாலில் வளைந்திருந்த குச்சிகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தாள் ஜின்னி. "சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரேன்னு சொன்னே."
"மறந்துட்டேன்."
"மறக்கல. வேற எங்கேயோ இருந்தே." இன்னொரு குச்சி விழுந்தது. "காத்திருந்து காத்திருந்து எனக்கே அலுத்துப்போச்சு, ஹாரி."

இரண்டாவதில் தப்பு ஹாரியுடையது. அதற்காக வாசகர் அவனை வெறுத்துவிட மாட்டார், டிராகோவிடம் அவன் போவதும் தடைபடாது. அவளுக்கு ஓர் ஆட்டம் இருக்கிறது, கையில் ஒரு வேலை இருக்கிறது. வினைச்சொல்லையும் கவனியுங்கள். உங்கள் கோப்பில் கீச்சிட்டாள், சிணுங்கினாள், அலறினாள் என்று தேடிப் பாருங்கள். அதே கோபத்தில் ஆண்கள் 'சொன்னான்', 'உறுமினான்' என்று மட்டும் இருந்தால் கோளாறு அங்கேதான்.

பின்னுரைக்குப் பிறகு கதை நடந்தால் டிராகோவின் மனைவி வந்துவிடுவாள். புத்தகத்தில் ரயில் மேடையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அஸ்டோரியா என்ற பெயர் பிறகு வந்தது. 2016-இல் வந்த நாடகத்தில் அவள் நோயில் இறக்கிறாள். இறந்த மனைவி எழுத்தாளருக்கு வசதி, அதனால் முதல் பத்தியிலேயே புதைத்துவிட்டு டிராகோவின் கண்ணீரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்குப் பிடித்தது, அவள் போட்ட சண்டை, மகனுக்குச் சொன்னது என்று மூன்று சங்கதியாவது வையுங்கள். டிராகோவின் துக்கமும் அப்போதுதான் நம்பும்படி இருக்கும்.

இதற்கு நேரெதிரான கோளாறு ஹெர்மயனிக்கு நடக்கும். யாரும் அவளைத் திட்டுவதில்லை. தேநீர் போட்டுக் கொடுத்து, "நீ அவனைக் காதலிக்கிறாய் ஹாரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அடுத்த ஐந்து அத்தியாயத்துக்கு ஆளே இல்லை. இதுவும் அவமரியாதைதான். அவள் வரும் காட்சிகளை மட்டும் தனிக் கோப்பில் வெட்டி ஒட்டி வரிசையாகப் படியுங்கள். அந்தப் பக்கங்களில் ஹாரியைத் தவிர வேறு எதையாவது அவள் விரும்புகிறாளா என்று பாருங்கள்.

சொந்தமாக ஒரு பெண் பாத்திரத்தைக் கொண்டுவந்தால் 'மேரி சூ' என்று வசை வரும். அந்தப் பெயர் 1973-இல் பாலா ஸ்மித் 'மெனஜரி' என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழில் எழுதிய ஒரு பகடியிலிருந்து வந்தது. பதினைந்தரை வயதில் லெப்டினன்ட் ஆகி, கப்பலையே காப்பாற்றி, எல்லாரும் அழ அழச் செத்துப்போகும் பெண் அவள். பகடி நியாயமானது. ஆனால் இன்று கொஞ்சம் கெட்டிக்காரியாக இருக்கும் எந்தப் பெண்ணையும் அந்தப் பெயரால் அடிக்கிறார்கள். நூறு வருஷத்தில் மிக இளைய குவிடிச் வீரன் ஹாரி, பாம்போடு வேறு பேசுகிறான், அவனை யாரும் கேட்பதில்லை. வசைக்குப் பயந்து பெண்களை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அவள் திறமைக்கு ஒரு விலை வையுங்கள், நியாயமான காரணத்தோடு அவளைப் பிடிக்காத ஒருவரை வையுங்கள், போதும்.

ஆண்–ஆண் ஜோடிக் கதைகளுக்கு நான் எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். இந்தக் கதைகளை எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள்தான் அதிகம், அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது. ஜின்னியைப் பிடிக்காமல் போகக் கூடாதா என்றால், தாராளமாகப் பிடிக்காமல் போகலாம். முதல் நாலு புத்தகங்களில் அவளுக்குப் பேச்சே குறைவு. படங்களில் இன்னும் மோசம். பிடிக்காவிட்டால் வெளிநாட்டில் குவிடிச் ஆட அனுப்பிவிடுங்கள்.

அப்படியும் அவளைத் தாக்கித்தான் எழுதுவீர்கள் என்றால், ரசிகர் கதைகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் 'ஜின்னி வீஸ்லி பாஷிங்' (ஜின்னியைத் தாக்குவது) என்ற டேகை, அதாவது அடையாளக் குறிப்பை, மறக்காமல் போடுங்கள். வேண்டாதவர்கள் வடிகட்டும் பகுதியில் அதை விலக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஒரே வரியில் வந்து போகும் பெண்ணைப் பாத்திரப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவளைத் தேடி வருகிறவர் ஏமாறுவார். இரண்டு பெயர்களுக்கு நடுவே, காதல் ஜோடிக்குச் சாய்கோடு (/), நட்புக்கு '&' குறி. இதை மாற்றிப் போட்டால் திட்டு நிச்சயம்.

இங்கே இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்ல வேண்டும். கதைகளைப் பிடிஎஃப் ஆக்கி, எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு டெலிகிராம் குழுக்களில் போடுகிறார்கள். திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். டேகும் எச்சரிக்கையும் முன்குறிப்பும் அதோடு காணாமல் போகின்றன, படிக்கிறவருக்கு எது வரப்போகிறது என்றே தெரியாது. அனுமதி கேட்க ஒரு வரி பின்னூட்டம் போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

உங்கள் கதைக்கு வருகிறேன். பதினோராம் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பிரிவுக் காட்சியை ஜின்னியின் பார்வையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதைக் கதையில் சேர்க்க வேண்டாம். அன்றைக்கு ராத்திரி அவள் எங்கே போனாள், யாரிடம் சொன்னாள் என்பது தெரிந்துவிட்டால், ஹாரியின் பார்வையில் எழுதும்போது அவள் வாயில் என்ன வசனம் வரும் என்பது தானாக வரும்.