ஃபினாயில் ஊற்றினால் வீடு சுத்தமா?

ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்கில் பல வருடம் இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அக்கா, தினமும் ஃபினாயில் போட்டுத் துடைத்தும் தரை பிசுபிசுக்கிறதே?

ப: அழுக்கை எடுப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புத் தண்ணீர்தான். ஃபினாயிலைக் கூடுதலாக ஊற்றினால் அதுவே பிசுக்காகப் படியும். கூட்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்புறம் வேண்டுமானால் ஃபினாயில். தண்ணீரையும் மாற்றுங்கள். ஒரே வாளியில் வீடு முழுக்கத் துடைத்தால் அடுப்படிப் பிசுக்கு படுக்கையறைக்குக் குடிபோய்விடும்.

கே: பூனை வளர்க்கிறோம். ஃபினாயில் போடலாமா?

ப: கறுப்பு ஃபினாயில் வேண்டாம். பாதத்தை நக்கும் பூனைக்கு அது விஷம்.

கே: பாத்ரூம் உப்புக்கறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து போட்டால் பளிச்சென்று போய்விடுமாமே?

ப: யார் சொன்னது? இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள்மேல் ஏவியது இதைத்தான். நம் பாத்ரூமில் இருப்பது கையகல ஜன்னல். கழிவறைக்கென்று விற்கும் லிக்விடுகள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது, அதனால் 'நான் ஆசிட்டே வாங்குவதில்லை' என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

போர்வெல் தண்ணீர் விடும் உப்புக்கறை பெரும்பாலும் சுண்ணாம்பு. அது ஆசிட்டுக்குக் கரையும், பிளீச்சிங் பவுடருக்கு அசையாது. பவுடர் பாசிக்கும் கிருமிக்கும். இன்று ஒன்று, நன்றாக அலசிவிட்டு நாளை இன்னொன்று. மார்பிளும் சுண்ணாம்பு வகைதான், அதில் ஆசிட் பட்டால் மெருகு போய்விடும். தெரியாமல் கலந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கே: போன வருடம் பிரித்த பிளீச்சிங் பவுடரில் வாசனையே இல்லை.

ப: குளோரின் பறந்துவிட்டது. புதிது வாங்குங்கள்.

கே: டிரம் தண்ணீரை வாராவாரம் கொட்டுகிறோம், கொசு குறையவில்லை.

ப: உள்சுவரைத் தேய்த்தீர்களா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

கே: விளக்கு வைத்தபின் கூட்டக் கூடாது என்கிறார் மாமியார்.

ப: அதற்கு முன்பே கூட்டிவிடுங்கள். இருட்டில் கம்மல் திருகாணி குப்பையோடு போய்விடும் என்பதால் சொல்லியிருப்பார்கள். மற்றபடி மாமியாரிடம் வாதாட என்னிடம் எந்த லிக்விடும் இல்லை.