முட்டி வலிக்கு கொரிய ஜின்செங் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. செயற்கை இதய வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். இரண்டு முட்டியிலும் தேய்மானம், வீக்கம். கொரியாவில் வேலை பார்க்கும் மகன், வீக்கம் வற்றும் என்று சிவப்பு ஜின்செங் சாறு வாங்கி வந்திருக்கிறான். தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பாட்டிலைத் திறக்காவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

மகன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஜின்செங் வேரை ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் சிவப்பாகும். கொரியர்கள் அதை ஹோங்சாம் என்பார்கள். அதிலுள்ள ஜின்செனோசைடுகள் என்ற பொருள்கள், வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற புரதங்களைக் குறைப்பது ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனால் வாய்வழி சாப்பிடும்போது கதை வேறு. இவற்றில் பல அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. குடல் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்த பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் மாறும். எலிக்கு வற்றிய வீக்கம் உங்கள் முட்டியில் வற்றும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று தெரியுமா? கொரியாவில் முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் சீட்டில் எழுதும் ஜாயின்ஸ் என்ற மூலிகை மாத்திரையில் ஜின்செங்கே கிடையாது. அதில் இருக்கும் மூன்று மூலிகைகளில் ஒன்று, நம் புடலங்காய்க்குச் சொந்தமான ஒரு கொடியின் கிழங்கு! அதற்காக அதை வாங்கி வரச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, உங்கள் வால்வுக்கு வருவோம். உங்களைப் போலவே செயற்கை வால்வும் வார்ஃபரினும் உள்ள 47 வயதுக்காரர் ஒருவர் ஜின்செங் மாத்திரை சாப்பிட்ட இரண்டே வாரத்தில், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அவருடைய ஐ.என்.ஆர். அளவு 3.1-லிருந்து 1.5-க்கு இறங்கியதாக 1997-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நிறுத்தியதும் ஏறிவிட்டது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. பின்னால் வந்த சில ஆய்வுகளில் மாற்றமே தெரியவில்லை. ஆனால் ஐ.என்.ஆர். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். முட்டி வலிக்காக இந்த விஷப்பரீட்சை எதற்கு?

வலிக்கிறதே என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கேட்டு வாங்காதீர்கள். வார்ஃபரினோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தொடைத் தசைக்குப் பயிற்சி, மேலே தடவும் மருந்து என்று தொடங்கலாம்.

ஒருவேளை ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால், இன்றோடு நிறுத்திவிட்டு இந்த வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள், நிறுத்தினாலும் எண் மாறும் என்பதால் அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.