ரேடியோ வாயடைத்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில், சேலையூரில் குடியிருக்கிறோம். காலை நேரத்தில் பயிற்சி விமானங்கள் இறங்குவதும், சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி கிளம்புவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் நின்று பார்க்கும் என் மகளுக்கு ஒரு சந்தேகம். நடுவானில் ரேடியோ பழுதானால், விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம், அதாவது டவர், எப்படிப் பேசும்? இந்தக் காலத்திலும் விளக்குதான் காட்டுவார்களாமே? கோபுரக் கண்ணாடி ஏன் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் கேட்கிறாள்.

க. மீ.

அன்புள்ள க. மீ.,

விளக்குதான். ரேடியோ பழுது என்றதும் செட் செத்துப்போவதைத்தான் நினைப்போம். அதைவிடத் தொல்லை, பேசும் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொள்வது. அந்த ஒரு விமானம் அலைவரிசை முழுவதையும் அடைத்துவிடும். பேசும்போது கேட்க முடியாத செட் என்பதால், டவர் எவ்வளவு கத்தினாலும் அந்த விமானிக்கு எட்டாது. மற்றவர்களை மாற்று அலைவரிசைக்குக் கொண்டுபோய்விட்டு, இவருக்கு விளக்கைத்தான் எடுக்க வேண்டும்.

சில சமயம் விமானிக்குக் காது கேட்கும், வாய்தான் போயிருக்கும். அதனால் டவர் முதலில், "நான் பேசுவது கேட்டால் இறக்கையை ஆட்டுங்கள்" என்று சொல்லிப் பார்க்கும். ஆடினால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆடாவிட்டால் லைட் கன். குறுகலான ஒளிக்கற்றை, துப்பாக்கிபோலக் குறிபார்த்து விமானத்தின் மேலேயே பிடிக்க வேண்டும். பறப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு மின்னும் பச்சை, இறங்கத் திரும்பி வா. நிலையான சிவப்பு, வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மின்னும் சிவப்பு, தளம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. தரையில் நிற்பவருக்கு அதே நிறங்களுக்கு வேறு பொருள்: நிலையான பச்சை கிளம்ப அனுமதி, மின்னும் பச்சை நகர்ந்து வர அனுமதி.

புரிந்தது என்பதற்குப் பகலில் இறக்கையை ஆட்டுவார், இரவில் விமானத்தின் விளக்கை இருமுறை அணைத்துப் போடுவார். ஓடுதளத்தை நோக்கித் திரும்பி இறங்கிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஆட்ட மாட்டார். அந்த உயரத்தில், அந்த வேகத்தில் அது வேண்டாத வேலை. ஆட்டவில்லையே என்று டவரும் பதற வேண்டியதில்லை.

இந்த விளக்குக்குப் பெரிய குறை, விமானி டவரைப் பார்த்தால்தான் பயன். போகி விடியலில் சென்னைப் புகைக்குள் அது எடுபடாது.

சக்கரத்தையும் சொல்லிவிடுகிறேன், சுற்றிச் சுற்றி இறங்கும் இடத்தில், பறக்கும்போது உள்ளே மடக்கிய சக்கரத்தை இறக்க மறந்துபோக வாய்ப்பு அதிகம். மூன்று சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானி முன்னே மூன்று பச்சை விளக்கு எரியும். ஒன்று எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், பூட்டு விழாமலும் இருக்கலாம். அப்போது டவர் அருகே தாழப் பறந்து காட்டச் சொல்வார்கள். பைனாகுலரில் பார்த்துவிட்டு, "சக்கரம் இறங்கியதுபோல் தெரிகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பூட்டியிருக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள், வெளியிலிருந்து பூட்டு தெரியாது.

கண்ணாடி: நேராக நின்றால் இரவில் மேசை விளக்குகள் அதில் பிரதிபலித்துக் கண்ணுக்கே திரும்பி வரும். ஓடுதள விளக்கு எது, உள்ளே எரிவது எது என்று குழப்பும். மேல்விளிம்பு வெளியே சாய்ந்திருந்தால் அந்தப் பிம்பம் கூரைக்குப் போய்விடும். அதற்காகவே கூரைக்கு உள்ளே கறுப்புச் சாயம் அடிப்பதும் உண்டு.