திட்டம் தோற்றால் 'பேக் டு த டிராயிங் போர்டு' என்று எப்போது சொல்லலாம்?

திட்டம் தோற்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் 'பேக் டு த டிராயிங் போர்டு' என்று சொல்லலாமா, அதற்குச் சரியான பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. போட்ட திட்டத்திலேயே கோளாறு, மறுபடி உட்கார்ந்து வேறு விதமாக யோசித்தாக வேண்டும் என்ற நிலைக்குத்தான் அது பொருந்தும். கணினி வருவதற்கு முன் பொறியாளர்களும் கட்டட வடிவமைப்பாளர்களும் தாளைப் பொருத்தி வரைபடம் போட்ட பலகைதான் டிராயிங் போர்டு. செய்த இயந்திரம் ஓடவில்லை, அங்கங்கே தட்டிச் சரிசெய்தும் பலனில்லை என்றால் அந்தப் பலகைக்கே திரும்பி வரைபடத்தை மாற்ற வேண்டும்.

இந்தத் தொடர் பரவியதில் ஒரு கேலிச்சித்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1941 மார்ச் 1 தேதியிட்ட நியூயார்க்கர் இதழுக்காகப் பீட்டர் ஆர்னோ வரைந்தது. விமானம் ஒன்று விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது. மற்றவர்கள் அதை நோக்கி ஓட, சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிய ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்து வருகிறார். 'வெல், பேக் டு தி ஓல்ட் டிராயிங் போர்டு' என்பது அவர் பேச்சு. அவர் புலம்பவில்லை, யார்மேலும் பழி போடவில்லை. அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடித்துப்போனது அதனால்தான். அந்தத் தொனி இன்றும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே உயிரிழப்பு, பெரும் துயரம் போன்ற இடங்களில் இதைச் சொல்லாதீர்கள், இரக்கமில்லாத பேச்சாகப் படும்.

வாக்கியத்தில் 'இட்ஸ் பேக் டு த டிராயிங் போர்டு' என்றோ 'வி ஹேவ் டு கோ பேக் டு த டிராயிங் போர்டு' என்றோ வரும். நடுவிலுள்ள 'த' என்ற சிறு சொல்லை விட்டுவிடக் கூடாது. புதிய செயலி சோதனையில் படுத்துவிட்டது, வடிவமைப்பே தவறு என்று தெரிந்தது: இங்கே தாராளமாகச் சொல்லலாம். அலுவலக மின்னஞ்சலிலும் எழுதலாம், கொச்சை இல்லை. ஆனால் இன்னொருவர் போட்ட திட்டத்தைப் பார்த்து 'யூ' என்று தொடங்கிச் சொன்னால், 'நீ செய்தது எதுவும் தேறாது' என்று அவர் காதில் விழும். 'வி' என்று தொடங்குவதே நல்லது.

பணம் தருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார், ஒப்பந்தம் கைகூடவில்லை. இது வேறு. உங்கள் திட்டத்தில் குற்றமில்லை, எனவே 'த டீல் ஃபெல் த்ரூ' என்பதே சரி. இதில் எழுவாய் திட்டமோ ஒப்பந்தமோதான். 'வி ஃபெல் த்ரூ த பிளான்' என்று ஆட்களை எழுவாயாக்கினால் பொருளே கெட்டுவிடும். நல்லது நினைத்துச் செய்தது பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால் 'இட் பேக்ஃபயர்ட்'.

பலர் குழப்பிக்கொள்வது 'பேக் டு ஸ்கொயர் ஒன்' உடன். மாதக்கணக்கில் பேசி ஓர் உடன்பாடு நெருங்கும் நேரத்தில் எதிர்த்தரப்பில் ஆள் மாறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசச் சொல்கிறார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்போமே, அந்த அலுப்பு அதில் இருக்கிறது. கடந்து வந்த தூரம் வீணானதைத்தான் அது சொல்கிறது. திட்டம் சரியா தவறா என்பது அங்கே பேச்சே இல்லை. டிராயிங் போர்டுக்குத் திரும்புகிறவருக்கோ எது வேலை செய்யாது என்ற அறிவாவது கையில் இருக்கிறது.

இன்னொன்று: 'ஸ்டில் ஆன் த டிராயிங் போர்டு' என்று படித்தால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலை இன்னும் திட்ட நிலையில் இருக்கிறது, தொடங்கவே இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.