காணாமல் போன பேக்லிங்க்குகள்: வாசகர் கேள்விகள், என் பதில்கள்

டூலில் பார்த்தால் ஒரே மாதத்தில் 43 பேக்லிங்க் (மற்ற சைட்டுகள் என் சைட்டுக்குக் கொடுத்த லிங்க்) ‘லாஸ்ட்’ என்று காட்டுகிறது. யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதற வேண்டாம். லிங்க்குகளைக் கணக்கெடுக்கும் ஏஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற டூல்களின் கிராலர் (பக்கங்களைத் தானாகத் திறந்து படிக்கும் நிரல்) போய்ப் பார்த்தபோது அந்த லிங்க் அகப்படவில்லை, ‘லாஸ்ட்’ என்பதற்கு அவ்வளவுதான் பொருள். அந்த சைட் அன்றைக்குப் படுத்திருக்கலாம், பக்கத்தையே நீக்கியிருக்கலாம், தேடலில் சேர்க்க வேண்டாம் என்று நோஇண்டெக்ஸ் போட்டிருக்கலாம், கட்டுரையைத் திருத்தும்போது உங்கள் லிங்க் இருந்த வரியே போயிருக்கலாம். முதலில் எத்தனை சைட் என்று எண்ணுங்கள். ஒருவர் தன் சைட்டின் ஓரப்பட்டையில் வைத்திருந்த லிங்க்கை எடுத்தால், 40 பக்கங்களில் ஒரே நாளில் மறைந்துவிடும். உண்மையில் நீங்கள் இழந்தது ஒரே சைட்டை. மீதியை ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ட்ரோல்-யூ அழுத்தி, வரும் நிரலில் உங்கள் டொமைன் பெயரைத் தேடிப் பாருங்கள். சில லிங்க்குகள் அங்கேயேதான் இருக்கும். சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கை எது போனது என்று தனியாகச் சொல்லாது. அதனால் மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2013 வாக்கில் எழுதிய என் பிளாக்ஸ்பாட் பதிவுகளுக்கு நண்பர்கள் பலர் லிங்க் கொடுத்திருந்தார்கள். பதிவுகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் அந்த லிங்க்கை அழுத்தினால் வருவதில்லை. ஏன்?

அந்த முகவரியின் வாலைப் பாருங்கள், டாட் இன் என்று முடிகிறதா? 2012 முதல், இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களை பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்கு கூகுள் தானாகவே திருப்பிவிட்டது. படித்தவர்கள் மேலே தெரிந்ததை அப்படியே காப்பி செய்து தங்கள் பதிவில் ஒட்டினார்கள். 2020-இல் அந்த டாட் இன் டொமைன் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. ஒருவரையொருவர் படித்து, ‘இவர் எழுதியதைப் பாருங்கள்’ என்று கைகாட்டிய ஒரு தலைமுறைத் தமிழ்ப் பதிவர்களின் லிங்க்குகள் இப்படித்தான் அறுந்தன. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

டொமைன் நம்முடையது இல்லை என்பதால் ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்குத் திருப்புவது) போட வழியில்லை. லிங்க் கொடுத்தவர் ‘இன்’னை ‘காம்’ ஆக்கினால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம். அவர்களிடம் கேட்பதற்கு முன்னால் உங்கள் பதிவுகளுக்குள்ளேயே நீங்கள் கொடுத்த டாட் இன் லிங்க்குகளைத் தேடிச் சரிசெய்யுங்கள், நிச்சயம் சில இருக்கும்.

சொந்த டொமைனில் பிளாகர் (பிளாக்ஸ்பாட் பதிவுகளை நடத்தும் கூகுள் சேவை) வைத்திருந்தேன், இப்போது வேர்ட்பிரஸுக்கு மாறிவிட்டேன். பழைய லிங்க் எல்லாம் 404 (‘பக்கம் இல்லை’). மொத்தத்தையும் முகப்புக்கு ரீடைரக்ட் செய்துவிடலாமா?

வேண்டாம். கல்வெட்டு பற்றிப் படிக்க வந்தவரை முகப்பில் இறக்கிவிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார், கூகுளும் அதைப் பெரும்பாலும் 404 போலவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதல் வேலை உண்டு. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாகர் பெரும்பாலும் ‘பிளாக்-போஸ்ட்_12’ என்கிற மாதிரிதான் முகவரி தந்தது. வேர்ட்பிரஸோ தமிழிலேயே ஸ்லக் (முகவரியின் கடைசித் துண்டு) வைக்கிறது. இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லாததால் ஒரே விதியில் எல்லாவற்றையும் திருப்ப முடியாது. நான் மாறியபோது எக்செலில் இரண்டு பத்தி போட்டு, பழையது இடப்பக்கம் புதியது வலப்பக்கம் என்று 200 பதிவுகளுக்கு மேல் கையால் நிரப்பி, ரீடைரக்‌ஷன் பிளகினில் ஏற்றினேன். நாலு ராத்திரி ஆயிற்று. ஆனால் மறுபடி அதைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

இன்னொன்று, ஸ்லக்கைச் சின்னதாக வையுங்கள். முகவரியில் ஒரு தமிழ்க் குறி, ‘%E0%AE%A4’ என்கிற மாதிரி சதவீதக்குறிகளாக மாறி, 9 இடத்தைப் பிடிக்கும். கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மட்டும் 45 இடம். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு 200 இடம்தான் தருகிறது, 22 குறியோடு கத்தரித்துவிடும். அந்த நீளமான சதவீதக்குறிச் சரத்தை யாராவது காப்பி செய்யும்போது கடைசித் துண்டு விட்டுப்போனால் அதுவும் 404-தான். சர்ச் கன்சோலின் 404 பட்டியலில் இப்படி வால் அறுந்த முகவரிகள் கிடைக்கும், அவற்றுக்கும் 301 போடுங்கள். குறைந்தது ஒரு வருடமாவது ரீடைரக்டை வைத்திருங்கள் என்கிறது கூகுள். நான் எடுக்கவே வேண்டாம் என்பேன்.

லிங்க்கை எடுத்த ஒருவருக்கு மெயில் எழுதினேன், பதிலே இல்லை. எப்படி எழுத வேண்டும்?

அவர் ஏன் எடுத்தார் என்று முதலில் பாருங்கள். உங்கள் பதிவில் 2017-இன் பஸ் நேரம் இருந்தால் அவர் எடுத்தது நியாயம்தான். பதிவைப் புதுப்பித்துவிட்டு எழுதுங்கள். முகவரி மாறியதுதான் காரணம் என்றால் இவ்வளவு போதும்: “வணக்கம். மண்சட்டி பழக்குவது பற்றிய உங்கள் கட்டுரையின் 4-ஆவது பத்தியில் என் பதிவுக்கு லிங்க் கொடுத்திருந்தீர்கள், நன்றி. முகவரி மாறிவிட்டதால் அது இப்போது திறப்பதில்லை. புதிய முகவரி கீழே. நேரம் கிடைக்கும்போது மாற்ற முடியுமா?” எஸ்இஓ (தேடலில் மேலே வரச் செய்யும் வேலை), ரேங்க் என்றெல்லாம் எழுத வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அப்புறம் விட்டுவிடுங்கள்.

விக்கிப்பீடியாக் கட்டுரையில் என் பதிவு மேற்கோளாக இருந்தது, இப்போது வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தின் பிரதிக்குப் போகிறது.

உங்கள் பக்கம் சில காலம் திறக்காமல் இருந்திருக்கும், அதனால் காப்பகப் பிரதியைச் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தை மீட்டுவிட்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் தகவல் சொல்லுங்கள். நீங்களே திருத்தாமல் இருப்பது மரியாதை. அங்கே வெளி லிங்க் எல்லாம் நோஃபாலோதான் (ரேங்க்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு), இருந்தாலும் அதன் வழியாக வருபவர்கள் உண்மையான வாசகர்கள்.

3,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க் தருவதாக ஒருவர் சொல்கிறார். போனதை இதில் ஈடுகட்டலாமா?

கூடாது. ரேங்க்குக்காகக் காசு கொடுத்து வாங்கும் லிங்க் கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது, அதை வைத்து உங்களை ஒருவரும் தேடி வரப்போவதும் இல்லை. அந்தப் பணத்தில் உங்கள் டொமைனை இன்னும் சில வருடங்களுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.